மூத்த மாப்பிள்ளை வாங்கிய பாட்டுப் பெட்டி

சார், காதுல இருக்கிற அந்த ஒயரைக் கொஞ்சம் கழட்டுங்களேன். தொந்தரவு பண்றேன்னு நெனைக்காதீங்க. கையில வெச்சிருக்கீங்கள்ல, அந்தச் சின்னப் பெட்டி, அது எந்தக் கம்பெனி? சும்மாதான் கேக்குறேன். ஓ, இது வேற ரகமா. இதுக்குப் பாட்டு எங்க வாங்குறீங்க? வாங்குறதே இல்லையா? பஸ் ஸ்டாண்டு கடையில ஏத்திக் குடுத்தானா? அதான் சார் நம்ம ஊருல பிரச்சினையே. பெட்டியை மட்டும் ஒரிஜினலா வாங்குவோம், உள்ள போடுறது எல்லாம் களவாணிச் சரக்கு.

பஸ்ஸு கோயமுத்தூர் போய்ச் சேர இன்னும் நேரம் இருக்கு. நான் ஒட்டன்சத்திரம். பேரு தண்டபாணி. மார்க்கெட் ரோட்டுல பம்புசெட் ஏஜென்சி வெச்சிருக்கேன். இந்தப் பாட்டுப் பெட்டி விசயத்துல தமிழ்நாட்டுல என்னை மாதிரி ஆராய்ச்சி பண்ணினவன் இருக்க மாட்டான். பெருமைக்குச் சொல்லல. வயித்தெரிச்சல்ல சொல்றேன். கம்பெனி பேரெல்லாம் கேக்காதீங்க. நானே நாலு கம்பெனி மோட்டார் விக்கிறவன், ஒருத்தன் பேரை இழுத்தா நாளைக்கு என் பொழப்புல மண்ணு. நான் வாங்குனது நீலப் பெட்டி. என் சகலை வாங்குனது கறுப்புப் பெட்டி. இதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க, போதும்.

எங்க மாமனாருக்காக வாங்குனது சார். அவரு பேரைச் சொன்னா எங்க மார்க்கெட்டுல இன்னைக்கும் எந்திரிச்சு நிப்பாங்க. வைத்தியலிங்கம் கமிசன் மண்டி. ஏலத்தை அவரேதான் விடுவாரு. மைக் கிடையாது, மெகாபோன் கிடையாது. முருங்கைக்காய்க் கட்டு மேல ஒரு காலை வெச்சுக்கிட்டு அவரு விலை கூவினா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்கும். ஒரு நாள் பூரா கத்திட்டு வீட்டுக்கு வந்தும் சும்மா இருக்க மாட்டாரு, குளிக்கையில காவடிப் பாட்டு பாடுவாரு. வருசா வருசம் பழனிக்கு நடந்து போற ஆளு. அந்தத் தொண்டை போன ஆடி மாசம் நின்னு போச்சு சார். பக்கவாதம். வலது கை கொஞ்சம் கொஞ்சமா வந்துருச்சு, நடையும் வந்துருச்சு, பேச்சு மட்டும் வரல. என்னமோ சொல்ல வருவாரு, வாய் கோணும், கண்ணுல தண்ணி முட்டும், அப்படியே விட்டுருவாரு. பாக்கவே முடியாது. நான் கடையில போய் உக்காந்து அழுதிருக்கேன், பொய் சொல்லல.

மதுரையில ஒரு ஆஸ்பத்திரி. அங்க பேச்சுப் பயிற்சி குடுக்கிற ஒரு பொண்ணு, சின்ன வயசுதான், எங்களை உக்கார வெச்சு விளக்கமாச் சொல்லுச்சு. பேச்சு போனவங்களுக்கும் பாட்டு போகாதாம். மூளையில அது வேற இடத்துல இருக்குமாம். பேச வராதவரு பாட்டுல சேந்துக்குவாராம், அப்புறம் அந்தப் பாட்டுல இருந்து ஒவ்வொரு வார்த்தையா வெளிய இழுத்துரலாமாம். தினமும் பக்கத்துல உக்காந்து, அவருக்குத் தெரிஞ்ச பாட்டை யாராவது மெதுவாப் பாடுங்க, அவரு வாயைப் பாத்துப் பாடுங்க, அவசரப்படுத்தாதீங்கன்னு சொல்லுச்சு. வீட்டுல யாரு நல்லாப் பாடுவீங்கன்னு கேட்டுச்சு. நாங்க ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டோம். யாரு பாடுறது? எனக்குக் கொட்டேசன் போடத் தெரியும், பாடத் தெரியாது. வரும்போதே கார்ல வெச்சு மீனாகிட்ட சொல்லிட்டேன். மீனான்னா என் சம்சாரம், அவருக்கு மூத்த பொண்ணு. பாட்டுதானே வேணும், நாம எதுக்குக் கழுதை மாதிரி கத்தணும், உலகத்துலயே நல்ல மெசினா வாங்கிப் போட்டுருவோம்னேன். அவ ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. பின் சீட்டுல இருந்த அத்தை, அவளோட அம்மா, ஒண்ணும் சொல்லல. அவங்க சொல்லவும் மாட்டாங்க.

அத்தையைப் பத்திச் சொல்லணும் உங்களுக்கு. எனக்குக் கல்யாணம் ஆன நாள்ல இருந்து எங்க அத்தை என் முன்னாடி உக்காந்ததில்ல. நேருக்கு நேரா ஒரு வார்த்தை பேசினதில்ல. சமையக்கட்டுக் கதவுக்குப் பின்னால நின்னுக்கிட்டு, மீனா, மாப்பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுமான்னு கேளும்பாங்க. நான் அங்கதான் இலையில உக்காந்திருப்பேன். எனக்கே கேக்கும். ஆனாலும் மீனா வந்து கேட்டாத்தான் நான் பதில் சொல்லணும். அது எங்க பக்கத்து மரியாதை. நான் வந்தா டிவியை அமத்திருவாங்க. பக்கத்து வீட்டுக்காரம்மாகூடப் பேசிட்டு இருந்தாலும் என் பைக் சத்தம் கேட்டா உள்ள போயிருவாங்க. சின்ன மாப்பிள்ளைக்கு இம்புட்டு கிடையாது. மூத்த மாப்பிள்ளைக்குத்தான் இந்த மதிப்பு. இந்தக் காலத்துல எந்த வீட்டுல சார் இருக்கு?

சின்ன மாப்பிள்ளை முகுந்தன். அவன்தான் என் சகலை. கம்ப்யூட்டர் வேலை, அமெரிக்காவுல இருக்கான். கொழுந்தியா சாருமதி நல்ல பொண்ணு, அவளைக் குத்தம் சொல்ல மாட்டேன். இவன்தான். எதைச் சொன்னாலும், அண்ணே அது பழைய டெக்னாலஜிம்பான். என் பம்புசெட்டையே ஒரு நாள் பழைய டெக்னாலஜின்னான். தண்ணியை மேல ஏத்துறதுல என்னய்யா புது டெக்னாலஜி?

நான் ஆவணியிலயே நீலப் பெட்டியை வாங்கிட்டேன். கோயமுத்தூர் வந்து ஏழெட்டுக் கடை ஏறி இறங்கி, பேட்டரி எவ்வளவு நேரம் நிக்கும், கீழ விழுந்தா என்னாகும், கேரண்டி யாரு குடுப்பா, எல்லாம் விசாரிச்சு வாங்குனேன். என் விசிட்டிங் கார்டைக் குடுத்து டீலர் விலைக்குக் கேட்டேன், அது ஒத்து வரல. சரி, பெட்டி வாங்கியாச்சு. பாட்டு? அதுக்கு அந்தக் கம்பெனியே நெட்டுல கடை வெச்சிருக்கான். ஒரு பாட்டுக்கு ஒரு விலை. வாங்கினா அது நம்ம பாட்டு, சாகுற வரைக்கும் நம்ம பாட்டு. அதான் எனக்குப் பிடிச்சது. ஆனா கடைக்குள்ள விட மாட்டேங்குறான் சார். இந்திய அட்ரஸ் போட்டா உங்க நாட்டுல எங்க கடை இல்லைங்குறான். என் கார்டைப் போட்டா கார்டு செல்லாதுங்குறான். காசை நீட்டிக்கிட்டு ஒருத்தன் வாசல்ல நிக்கிறேன், கடைக்காரன் ஷட்டரை இறக்குறான். எந்த ஊரு வியாபாரம் இது? கடைசியில சிங்கப்பூர்ல இருக்கிற என் சித்தப்பா மகன் பேருல கணக்கு ஆரம்பிச்சு, அவன்கிட்ட தினம் கெஞ்சிக் கூத்தாடி உள்ள நுழைஞ்சேன்.

நுழைஞ்சு பாத்தா உள்ள ஒண்ணும் இல்ல. காவடின்னு அடிச்சேன், அப்படி ஒண்ணு இல்லைன்னான். பழனின்னு அடிச்சேன், எவனோ ஒரு இத்தாலிக்காரன் கிடார் வாசிக்கிறான். நாதஸ்வரம்னு அடிச்சேன், பாம்பாட்டி படம் போட்ட ஒரு ஆல்பம் வந்துச்சு. அதை வாங்குனேன். வேற என்ன பண்ண? கூடவே மன அமைதிக்குன்னு ஒண்ணு இருந்துச்சு, அதையும் வாங்குனேன். அதுல நடு நடுவுல ஒரு வெள்ளைக்காரம்மா இங்கிலீசுல மூச்சை இழுங்க, மூச்சை விடுங்கன்னு சொல்லுது. மாமா அதைக் கேட்டுக்கிட்டுப் பாவமா என்னையே பாத்துக்கிட்டு இருப்பாரு. ஆனா சத்தம் இருக்கே சார், தெள்ளத் தெளிவு. அந்தம்மா மூச்சு நம்ம காதுல படுற மாதிரி இருக்கும்.

மீனா ஒரு நாள் கேட்டா. அப்பா கேசட் ஒரு பெட்டி நெறையக் கிடக்கே, அந்தக் காவடிப் பாட்டை எல்லாம் கடையில குடுத்தா இதுல ஏத்தித் தருவானாமே, பத்து நிமிச வேலையாமேன்னா. அத்தை கதவுக்குப் பின்னால இருந்து சொல்லிக் குடுத்திருப்பாங்க போல. நான் முடியாதுன்னுட்டேன். கண்டவன் ஏத்துற சரக்கை உள்ள விட்டா கேரண்டி போயிரும். என் கடையிலயே டூப்ளிகேட் ஸ்பேர் போட்டுட்டு மோட்டாரை எரிச்சுக்கிட்டு வர்றவங்களை நான் தினமும் பாக்குறேன். கொள்கைன்னு ஒண்ணு இருக்குல்ல?

இந்த நேரத்துலதான் புரட்டாசியில சகலை வந்தான். கையில கறுப்புப் பெட்டி. வந்த அன்னைக்கே ஆரம்பிச்சான். அண்ணே, ஒவ்வொரு பாட்டா வாங்குறதெல்லாம் பழைய டெக்னாலஜி, இதுல மாசச் சந்தா கட்டினா இந்தக் கம்பெனிக் கடையில இருக்கிற லட்சக்கணக்கான பாட்டும் நமக்குத்தான்னான். நான் ஒண்ணே ஒண்ணு கேட்டேன். சந்தாவை நிறுத்தினா? நிறுத்தினா பாட்டெல்லாம் பூட்டிக்கும்னான். அப்ப வாடகை வீடு. என் பெட்டி சொந்த வீடுன்னேன். அவன் சிரிச்சான். லட்சம் ரூமு இருக்கிற வாடகை வீடு அண்ணேன்னான். லட்சம் ரூமுலயும் மாமாவுக்குத் தெரிஞ்ச பாட்டு எத்தனைன்னு கேட்டேன். அவன் புல்லாங்குழல், வீணைன்னு என்னென்னமோ காட்டுனான். ஏதோ லண்டன்ல இருக்கிற தமிழ்ப் பையன் இங்கிலீசுலயும் தமிழ்லயும் திட்டுற மாதிரி ஒரு பாட்டு, அது கூட இருந்துச்சு.

ஒரு பழைய லேப்டாப்பையும் மாமா வீட்டுல வெச்சுட்டுப் போனான். மாசத்துக்கு ஒரு தடவை பெட்டியை அதுல சொருகினாப் போதும், மத்தது தானா நடக்கும்னு மீனாவுக்குச் சொல்லிக் குடுத்தான். போறப்ப மாமா கையைப் பிடிச்சுக்கிட்டு, மாமா இதைக் கேளுங்க, அடுத்த தடவை நான் வரும்போது என் பேரைச் சொல்லிக் கூப்பிடணும்னான். எனக்குச் சுருக்குன்னுச்சு. ஏன்னா நானும் அதையேதான் மனசுல வெச்சிருந்தேன் சார். மறைக்க என்ன இருக்கு. அவருக்கு ஆம்பளைப் பிள்ளை இல்ல. எனக்கு அப்பா சின்ன வயசுலயே போயிட்டாரு. கல்யாணத்தன்னைக்கு, மாப்பிள்ளை வாங்கன்னு அவரு அந்த ஏலக் குரல்ல கூப்பிட்டாரு பாருங்க, மண்டபமே திரும்பிப் பாத்துச்சு. என்னை யாரும் அதுக்கு முன்னாடி அப்படிக் கூப்பிட்டதில்ல. அந்தக் குரல் திரும்பி வரணும். வந்தா என் பெட்டியில இருந்து வரணும். இதுல என்ன தப்பு?

அதனால வைத்தியத்தை நானே கையில எடுத்தேன். மீனா பகல் பூரா அவங்க அப்பா வீட்டுலதான். நானும் காலையில கடை திறக்குறதுக்கு முன்னாடி அங்க வருவேன், மதியம் சாப்பிட வருவேன், சாயங்காலம் வந்தா இருட்டுற வரைக்கும் உக்காந்திருப்பேன். மாமா கட்டில்ல, நான் எதிர்ல நாற்காலி போட்டு. காலையில நீலம், மதியம் கறுப்பு, சாயங்காலம் மறுபடி நீலம். எது வேலை செய்யுதுன்னு கண்டுபிடிக்கணும்ல. பம்பு வாங்குறவங்களுக்குப் போடுற மாதிரி ஒரு அட்டவணை எழுதி செவுத்துல ஒட்டிட்டேன். ஒயர் காதுல இருக்கையில யாரும் அவருகிட்டப் பேசக் கூடாது, கவனம் சிதறும்னு வீட்டுல கண்டிசன் போட்டேன். எல்லாரும் கேட்டுக்கிட்டாங்க. நான் சொன்னா அந்த வீட்டுல மறு பேச்சு கிடையாது.

மாமா முன்னேறவே இல்ல. நீலத்தைப் போட்டா நீலத்தோட இருப்பாரு, கறுப்பைப் போட்டா கறுப்போட. ஐப்பசி பூரா அப்படியே போச்சு. முகத்துல ஈயாடல. எனக்குன்னா தூக்கம் போச்சு. சிங்கப்பூர்க்காரன்கிட்டச் சொல்லி இன்னும் நாலு ஆல்பம் வாங்குனேன். அவன் என் நம்பரைப் பாத்தாலே எடுக்கறதில்ல.

கார்த்திகையில ஒரு நாள் டீலர் மீட்டிங்குக்குத் திருச்சி போயிட்டேன். சாயங்காலம் மீனா போன் பண்றா. மதியம் அப்பா வாய் அசைஞ்சுதுங்க, பாடுற மாதிரியே அசைஞ்சுதுங்கன்னா. எனக்கு ரோட்டுல நின்னு கையெடுத்துக் கும்பிடணும் போல இருந்துச்சு. எந்தப் பெட்டி போட்டிருந்துச்சுன்னு கேட்டேன். பக்கத்துல யார்கிட்டயோ குசுகுசுன்னு கேட்டா. கறுப்புன்னா.

பாத்தீங்களா சார். எனக்கு எப்படி இருந்திருக்கும்? சந்தோசப்படணுமா, வேண்டாமா? மறுநாள் விடியலயே வந்து கறுப்பைப் போட்டு எதிர்ல உக்காந்தேன். ஒண்ணும் அசையல. கல்லு மாதிரி இருக்காரு. மதியம் மறுபடி வந்து உக்காந்தேன். ஒண்ணும் இல்ல. நான் கடைக்குப் போயிட்டா அசையுதுங்குறாங்க, நான் வந்தா நின்னுருது. தபால் மாதிரி சேதி மட்டும் வருது. இன்னைக்கு ஒரு வரி பூரா அசைச்சாருங்குறா. இன்னைக்குச் சத்தமே வந்துச்சுங்குறா. ஒவ்வொரு தடவையும் கறுப்பு, கறுப்பு, கறுப்பு. சகலைக்கு எப்படியோ விசயம் போயிருச்சு. அமெரிக்காவுல இருந்து போன் பண்ணி, அண்ணே, டெக்னாலஜி பேசுதுல்லன்னான். நான் போனை வெச்சுட்டேன். சண்டை போட்டா நமக்குத்தான் அசிங்கம்.

பொங்கலுக்கு சகலை குடும்பத்தோட வந்தான். மாட்டுப் பொங்கலன்னைக்கு எல்லாரும் கூடத்துல இருந்தோம். மாமா கட்டில்ல, காதுல கறுப்பு ஒயர். சகலை எல்லாருக்கும் கேக்கிற மாதிரி, அந்த மதுரைப் பொண்ணுகிட்ட நம்ம கேசைச் சொல்லணும்ணே, நாலு பேருக்குப் பிரயோசனப்படும்னான். எனக்குப் பொறுக்கல. எந்திரிச்சுப் போய் மாமா காதுல இருந்த ஒயரை எடுத்து என் காதுல வெச்சேன். அப்படி என்னதான் பாடுது, எதுக்கு இம்புட்டு மயங்குறாருன்னு நானும் கேட்டுரலாம்னு.

சத்தமே இல்ல சார்.

ஒலியைக் கூட்டுனேன். இல்ல. அடுத்த பாட்டு, அதுக்கு அடுத்த பாட்டுன்னு தள்ளுனேன். வெளிச்சம் எரியுது, பாட்டோட பேரெல்லாம் வரிசையா நிக்குது, தொட்டா ஒண்ணும் பாட மாட்டேங்குது. கீழ பொடி எழுத்துல இங்கிலீசுல என்னமோ ஓடுது. சகலைகிட்ட நீட்டுனேன். படிச்சான். அவன் மூஞ்சி விழுந்ததைப் பாக்கணுமே. சந்தா தீந்து போச்சாம். எப்பத் தீந்துச்சுன்னு கேட்டேன். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பாத்தான். விடாமக் கேட்டேன். அக்டோபர்ல பேங்க்காரன் இவனுக்குப் புதுக் கார்டு குடுத்திருக்கான், அந்த நம்பரை இவன் கடையில மாத்தல, கடைக்காரன் மொத்தப் பாட்டையும் பூட்டிட்டான். ஐப்பசியில இருந்து மாமா வெறும் ஒயரைக் காதுல மாட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு.

நான் விடுவேனா? வாடகை வீடுன்னு சொன்னேனா இல்லையா, வீட்டுக்காரன் பூட்டிட்டான் பாத்தியா, என் நீலத்துல ஒரு பாட்டு பூட்டியிருக்கா சொல்லு, அந்தக் கடைக்காரன் உள்ள விட மாட்டான், ஆனா உள்ள போனவனை வெளிய தள்ள மாட்டான்னு ஒரு பிடி பிடிச்சுட்டேன். சகலை தலையைக் குனிஞ்சுக்கிட்டான். அப்பத்தான் கொழுந்தியா ஒண்ணு கேட்டா. பாட்டே வரலைன்னா, அப்பா எதுக்கு வாயசைச்சாருன்னு.

நான் சொன்னேன், பழைய பாட்டு மனசுல ஓடிட்டு இருந்திருக்கும், இல்லாட்டி நீலத்தோட எஃபெக்ட் லேட்டா வந்திருக்கும்னேன். இருக்கலாம்ல சார்? மருந்து சில பேருக்கு லேட்டாத்தானே கேக்கும். சரி, இப்பவே தெரிஞ்சுரட்டும்னு, நீலத்தை ஒரு கையில எடுத்தேன், கறுப்பை ஒரு கையில எடுத்தேன். மாமாவுக்கு முன்னால முட்டி போட்டேன். மாமா, நீங்களே கையைக் காட்டுங்க, எது நல்லாருக்கு, இதா அதான்னேன்.

அவரு ரெண்டையும் பாத்தாரு. என்னையும் பாத்தாரு. வாய் கோணுச்சு, எப்பவும் போலத்தான். ஆனா விடல. உள்ள இருந்து என்னமோ வருது. பேச்சு இல்ல சார், ராகமா வருது. காவடி மெட்டுல, இழுத்து இழுத்து, உடைஞ்ச குரல்ல.

"போ...தும்... மாப்...பிள்ளை."

அம்புட்டுத்தான். ஆடிக்கு அப்புறம் எங்க முன்னாடி அவரு சொன்ன முதல் வார்த்தை. மாப்பிள்ளைன்னா அவருக்கு நான்தான். முகுந்தனைச் சின்ன மாப்பிள்ளைன்னுதான் சொல்லுவாரு. நீங்க வேணா யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. கேட்டீங்களா, கேட்டீங்களா, என்னைக் கூப்பிட்டாருன்னு திரும்பிப் பாக்குறேன். மீனா முகத்தை மூடிக்கிட்டு அழுதுக்கிட்டு இருக்கா. கொழுந்தியாளும் அழுகுறா.

அப்ப சமையக்கட்டுக் கதவுக்குப் பின்னால இருந்து அத்தை வந்தாங்க. வெளிய வந்தாங்க சார். நேரா கட்டிலுக்கு வந்து, மாமா பக்கத்துல உக்காந்தாங்க. என் முன்னாடி. சேலைத் தலைப்பை இழுத்துப் போத்திக்கிட்டாங்க, ஆனா கண்ணு என்னைப் பாக்குது. அவங்க முகத்தை அம்புட்டுக் கிட்டத்துல நான் அன்னைக்குத்தான் பாத்தேன். மேல் உதட்டுல ஒரு மச்சம் இருக்கு, அதுவே எனக்குத் தெரியாது.

"நான்தான் மாப்பிள்ளை பாடுனேன்"னாங்க. "நீங்க திருச்சிக்குப் போயிருந்தீங்க. அந்தப் பொண்ணு சொன்னபடி பக்கத்துல உக்காந்து காவடிப் பாட்டுப் பாடுனேன். அவரும் கூட வாயை அசைச்சாரு. நீங்க கடைக்குப் போற நேரமெல்லாம் பாடுனோம். ஒயர் காதுலயே கிடக்கட்டும், நீங்க திடீர்னு வந்தா வருத்தப்படுவீங்கன்னு அப்படியே விட்டுட்டேன். நீங்க இருக்கையில எனக்குத் தொண்டை தொறக்காது மாப்பிள்ளை. அது என் பழக்கம், உங்களைக் குத்தம் சொல்லல. அவரு பேச ஆரம்பிச்சுட்டாரு. கொஞ்ச நாளைக்கு நீங்க வராம இருங்க."

மாமியார் மாப்பிள்ளையைப் பாத்து வராதீங்கன்னு சொல்றதை நீங்க எங்கயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா? எங்க சொந்தத்துல இதுக்கு ஒரு பஞ்சாயத்தே வெக்கலாம். சகலை கூட அசந்துட்டான். அண்ணே, மனசுல வெச்சுக்காதீங்கன்னு என் தோளைத் தொட்டான். நான் ரெண்டு பெட்டியையும் கீழ வெச்சுட்டு எந்திரிச்சேன். எல்லாரும் என்னவோ நான் அவரு வாயைப் பொத்தி வெச்சிருந்த மாதிரி பாக்குறாங்க. நான் மட்டும் அந்த வீட்டுக்கு நாள் தவறாம நடந்தேன். அமெரிக்காவுல உக்காந்து சந்தா கட்ட மறந்தவனை யாரும் வராதேன்னு சொல்லல. கடை வியாபாரம் பாதியாக் குறைஞ்சது, சிங்கப்பூர்க்காரன் பகையானான், கடைசியில வராதீங்கங்கிறது எனக்கு. அப்ப வந்த கோபம் இன்னும் அடங்கல, சொல்லிட்டேன்.

மீனா அங்கயே இருக்கா. அம்மாவுக்கு ஒத்தாசைக்குன்னு. தினமும் போன் பண்ணுவா. அப்பா இன்னைக்குத் தண்ணி கேட்டாரு, இன்னைக்குச் சாருமதி பேரைச் சொன்னாரு, இன்னைக்கு தக்காளி என்ன விலைன்னு கேட்டாருன்னு. எல்லாம் பாடித்தான் கேக்குறாராம். நான் எதுவும் கேக்குறதில்ல, அவளாச் சொல்லுவா. என்னைக் கேட்டாரான்னு ஒரு தடவை கேட்டுட்டேன். மாப்பிள்ளை எங்கன்னு கேட்டாராம். அம்மா என்ன சொன்னாங்கன்னு கேட்டேன். கடையில வேலையா இருக்காருன்னாங்களாம்.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் மனசு கேக்கல. கடையைப் பையன்கிட்ட விட்டுட்டுக் கிளம்பிட்டேன். பைக்கைத் தெரு முனையிலயே நிறுத்திட்டு நடந்து போனேன். வாசல்ல நிக்கையிலயே கேக்குது சார். ரெண்டு குரல். அத்தை முன்னாடி போறாங்க, மாமா பின்னாடியே இழுத்துக்கிட்டு வர்றாரு. ராகம் ஒண்ணும் சேரல, வார்த்தை பாதி விழுந்து போகுது. எங்க அத்தைக்கு அப்படி ஒரு குரல் இருக்குன்னு எனக்கு இத்தனை வருசத்துல தெரியாது. கனமான குரல். மாமா ஒரு இடத்துல சிரிச்சாரு. நான் சத்தியமாச் சொல்றேன், அந்த ரெண்டு பெட்டியிலயும் அப்படி ஒண்ணு நான் கேக்கல.

உள்ள போய் நானும் ஒரு ஓரமா உக்காந்துக்கலாம்னு தோணுச்சு. ஒண்ணும் பேசாம, எதையும் கையில எடுக்காம, சும்மா. வெளிக் கேட்டைத் தள்ளுனேன். அது துருப்பிடிச்ச கேட்டு, கீச்சுன்னுச்சு.

உள்ள பாட்டு நின்னு போச்சு. அத்தை எந்திரிக்கிற சத்தம், மாப்பிள்ளை வந்திருப்பாரு போலன்னு மீனா சொல்றது, எல்லாம் கேட்டுச்சு. நான் கேட்டை மெதுவா இழுத்துச் சாத்துனேன். வேப்ப மரத்துக்குப் பின்னால போய் நின்னுக்கிட்டேன். மீனா எட்டிப் பாத்துட்டு, யாரும் இல்லம்மான்னு சொல்லிட்டு உள்ள போனா.

கொஞ்ச நேரம் ஆச்சு. அப்புறம் மறுபடி பாட ஆரம்பிச்சாங்க.